தொல்பொருளியலும் பண்பாட்டுக் கூர்ப்பும்: ஒரு மதிப்பீடு

மனிதன் மற்றை உயிர்களினின்றும் வேறுபடுவது உடலமைப்பினால் மாத்திரமன்று. மற்றை உயிர்கள் தாம் வாழுஞ் சூழலுக்கேற்ப உடல் மாறியே நிலைபெறுகின்றன. அம்மாற்றம் நிகழப் பல்லாயிரந் தலைமுறை வேண்டும். மனிதனோ குளிர் மிகுந்த நாட்டிலே தன் உடலில் மயிர் அடர்ந்து வளருமளவும் காத்திருந்தானல்லன். விலங்கின் தோலை உரித்துப் போர்த்துக்கொண்டான். தீயை மூட்டிக் குளிர் காய்ந்தான். தான் அறிந்ததைத் தன் மக்களுக்குக் கற்பித்தான். இவ்வாறு பிறப்பினாலன்றிப் பயிற்சியினாற் கைமாறி வருங் கருவி, தொழில், வழக்கம், நம்பிக்கை, மொழி, கலை ஆகியவற்றின் தொகுதியையே பண்பாடு என்கிறோம். இப்பண்பாடு காலந்தோறும் மாறியும் விரிந்தும் வந்தவாற்றை ஆராய்வது பண்பாட்டுக் கூர்ப்பு ஆராய்ச்சியாகும். அவ்வாராய்ச்சிக்குத் தொல்பொருளியல் ஆற்றிய தொண்டு யாது, அத்தொண்டிற்கு எல்லை யாது என்னும் இரு வினாக்களையும் ஈண்டு எடுத்து நோக்குவாம்.

தொல்பொருளியல் கூர்ப்புக் கொள்கைக்குச் சான்று தேடிக்கொடுக்கும் ஏவலாள் என்றே பலர் கருதுவர். மானிடவியலார் ஒரு கொள்கையை வகுப்பர். தொல்பொருளியலார் மண்ணைத் தோண்டி அதற்கேற்ற கல்லையும் ஓட்டையும் எடுத்து நீட்டுவர். இதுவே அன்னார் கருத்து. உண்மை இதற்கு மாறானது. தொல்பொருளியல் சாட்சி கூறியதிலும் தீர்ப்புத் திருத்தியதே மிகுதி. அஃதாமாற்றை விளக்க முதலிற் கொள்கையின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இங்கிலாந்தில் எட்வேட் ரைலரும் அமெரிக்காவில் லூயிஸ் ஹென்றி மோர்கனும் பண்பாட்டுக் கூர்ப்புக் கொள்கைக்கு உருக்கொடுத்தனர். ரைலரின் ஆதிப் பண்பாடு பற்றிய நூல் 1871 ஆம் ஆண்டிலும், மோர்கனின் பண்டைச் சமூகம் பற்றிய நூல் 1877 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. மனித இனம் முழுவதும் காட்டு நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்னும் மூன்று படிகளில் ஏறி வந்தது என்பது மோர்கனின் துணிபு. மட்பாண்டம் வனைதல் காட்டு நிலையினின்றும் அநாகரிக நிலைக்கு ஏறுதற்கு அடையாளம். எழுத்து நாகரிகத்திற்கு அடையாளம் என அவர் வரையறுத்தார். சிலர் மேற்படியிலும் சிலர் கீழ்ப்படியிலும் நிற்பர். எனினும் ஏணி ஒன்றே என்பது இக்கொள்கையின் சாரம்.

இக்கொள்கையிலே பெரியதொரு குறை இருந்தது. காலத்தை அளக்குங் கருவி எதுவும் இவர்களிடம் இல்லை. ஆகவே, பழைய நிலை எவ்வாறிருந்தது என்று கேட்டபோது தம் காலத்தில் வாழ்ந்த வேட்டுவ மக்களையே சுட்டிக்காட்டினர். இன்று காட்டில் வாழ்வோன் நேற்றைய மனிதனின் உருவம் என்று கொண்டனர். நம் நாட்டு வேடரும் இவ்வாறே நோக்கப்பட்டனர். சுவிற்சலாந்து நாட்டவரான சரசின் உறவினர் இருவர் 1907 ஆம் ஆண்டிலே இலங்கைக் குகைகளை அகழ்ந்து கற்கருவிகளைக் கண்டெடுத்தது வேடரின் முன்னோரைத் தேடிய முயற்சியினாலேயாம். ஆனால் வேடருக்கும் நம்மைப் போலவே பல்லாயிரம் ஆண்டு வரலாறு உண்டு. அவர்கள் அயலாரோடு பண்டம் மாற்றினர்; இரும்பு அம்புத் தலை பெற்றனர்; சேனைப் பயிர் செய்தனர். வாழும் மக்களை இறந்த காலத்தின் உறைந்த படமாகக் கொள்ளுதல் அம்மக்களுக்கும் அநீதி, ஆராய்ச்சிக்கும் இடையூறு.

காலத்தை அளக்கும் வழியைத் தந்தது தொல்பொருளியலே. டென்மார்க்கின் தலைநகரிலே அரும்பொருட் சாலையின் பொறுப்பை ஏற்ற தொம்சன் என்பார் அங்குக் குவிந்துகிடந்த பழம்பொருள்களை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்று எண்ணினார். கல், வெண்கலம், இரும்பு என்னும் மூவகைப் பொருளால் ஆகிய கருவிகளை மூன்று காலத்தனவாகப் பிரித்துக் காட்சிக்கு வைத்தார். அவர் வகுத்த முறை 1836 ஆம் ஆண்டில் நூல் வடிவில் வெளிவந்தது. இது முதலில் ஊகமே. அவருடைய மாணாக்கரான வோர்சோ மண்மேடுகளையும் சதுப்பு நிலங்களையும் அகழ்ந்து ஊகத்தை உண்மையாக்கினார். மண் அடுக்குக் குலையாதிருக்குமாயின் கீழ் அடுக்கிலே கிடப்பது முந்தியது, மேலடுக்கிலே கிடப்பது பிந்தியது என்னும் எளிய விதியே அவர்க்குத் துணை. ரைலரும் மோர்கனும் தத்தம் நூலை எழுதுதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே இவ்விதி நிறுவப்பட்டுவிட்டது என்பது கருதத்தக்கது.

மண்ணடுக்கு முன்பின் முறையைக் கூறுமேயன்றி ஆண்டுக் கணக்கைக் கூறாது. அக்குறையை நீக்கியது 1949 ஆம் ஆண்டில் லிபி என்னும் இரசாயன அறிஞர் வெளியிட்ட காபன் முறையாகும். உயிருள்ள மரமும் விலங்கும் வளியிலிருந்து கதிர்வீசுங் காபனை ஓரளவு பெற்றுக்கொண்டேயிருக்கும். உயிர் நீங்கியதும் அவ்வரவு நின்றுவிடும். முன்பு சேர்ந்தது சிதையத் தொடங்கும். ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் அது பாதியாகும். எனவே, அகழ்விற் கிடைத்த கரித்துண்டில் எஞ்சிய காபனை அளந்து அம்மரம் பட்ட காலத்தைக் கணிக்கலாம். இக்கண்டுபிடிப்பிற்காக லிபிக்கு 1960 ஆம் ஆண்டிலே நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இதன் பின்னரே, எழுத்தில்லாத மக்களின் காலத்தை எழுத்துள்ள எகிப்தினதும் மெசொப்பொத்தேமியாவினதும் அரச வரிசையிலிருந்து கடன்வாங்கிக் கணக்கிடும் நிலை மாறியது.

தொல்பொருட் சான்றுகளை எல்லாந் தொகுத்து மனித இனத்தின் பண்பாட்டு வளர்ச்சியைக் கோவையாக எடுத்துரைத்தவருள் தலையாயவர் கோடன் சைல்ட். இவர் 1936 ஆம் ஆண்டிலும் 1942 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்கள் பொதுமக்களும் படித்துணரத்தக்கவை. மனிதன் உணவு தேடி அலைதலை விட்டு உணவை விளைவிக்கத் தொடங்கியதைப் புதிய கற்காலப் புரட்சி என்றும், ஊர்கள் சிலவிடத்து நகரங்களாய் வளர்ந்ததை நகரப் புரட்சி என்றும் அவர் பெயரிட்டார். உழவன் தன் தேவைக்கு மேல் விளைத்த உபரி நெல்லோ கோதுமையோ தான் கொல்லனையும் குயவனையும் குருவையும் அரசனையும் ஊட்டியது என்பது அவர் காட்டிய காரணத் தொடர்பு. வெறும் கருவிப் பட்டியலாய்க் கிடந்த தொல்பொருளியலை மக்களின் வாழ்க்கை வரலாறாக மாற்றிய பெருமை அவரைச் சாரும். அவர் காலத்தே சேர்மனியில் கொசினா என்பாரின் கொள்கை பரவியிருந்தது. ஒருவகைப் பாண்டம் காணப்படும் இடமெல்லாம் ஓரினத்தார் வாழ்ந்த நிலமே என்றும், அந்நிலம் அவ்வினத்தார்க்கே உரியது என்றும் அவர் கூறினார். அவர் 1931 ஆம் ஆண்டில் இறந்த பின்னர், நாற்சியர் அக்கொள்கையைத் தம் பிறநாட்டு வேட்கைக்குக் கேடயமாக்கினர். பண்பாட்டையும் குருதியையும் ஒன்றாக்குதல் பிழை என்று சைல்ட் இடித்துரைத்தார்.

எனினும் சைல்டின் கோவையையும் பின்வந்த அகழ்வுகள் பலவிடங்களில் அவிழ்த்துவிட்டன. உழவு, நிலையான குடியிருப்பு, மட்பாண்டம், தீட்டிய கற்கோடரி ஆகியவை பெரும்பாலும் ஒருசேர வந்தன என்றே முன்னையோர் எண்ணினர். கதலீன் கென்யன் என்னும் அம்மையார் 1952 முதல் 1958 வரை எரிகோவிலே நிகழ்த்திய அகழ்வு இவ்வெண்ணத்தைத் தகர்த்தது. கி. மு. 8000 ஆம் ஆண்டளவிலே அங்கு வாழ்ந்தோர் கல்லால் மதிலும் எட்டு மீற்றருக்கு மேல் உயர்ந்த கோபுரமும் எழுப்பினர். ஆனால் அவர்களிடம் ஒரு மட்கலந்தானும் இல்லை. மறுபுறத்தே, யப்பானில் உழவு வருதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வேட்டையும் மீன்பிடியும் கொண்டு வாழ்ந்த மக்கள் மட்பாண்டம் வனைந்தனர். எரிகோவில் மதிலுண்டு, பானையில்லை. யப்பானிற் பானையுண்டு, உழவில்லை. மட்பாண்டத்தை ஒரு படியின் அடையாளமாக வைத்த மோர்கனின் ஏணி இவ்விரண்டிடத்தும் நிற்குமாறில்லை.

இதனினும் வியப்புக்குரியது துருக்கி நாட்டிலுள்ள கோபெக்கிலி தெப்பே. கிளாஸ் சிமித் என்பார் 1995 ஆம் ஆண்டு முதல் அதனை அகழ்ந்தார். கி. மு. 9500 ஆம் ஆண்டளவிலே தொடங்கிய அக்கட்டடங்களில் விலங்குருவம் செதுக்கிய பெருந்தூண்கள் வட்டமாக நிற்கின்றன. அவற்றை நாட்டியவர்கள் காட்டு விலங்கை வேட்டையாடியும் காட்டுத் தானியத்தைச் சேர்த்தும் உண்டவர்கள். உபரி விளைவு முன், பெருங்கோயில் பின் என்னும் வரிசை இங்கே தலைகீழாய்விட்டது. இங்கே மற்றொன்றும் கவனித்தற்குரியது. அவ்விடம் மக்கள் குடியிராத வழிபாட்டு மலை என்று சிமித் முதலிற் கொண்டார். பின்னைய அகழ்வுகளில் வாழ்விடங்களும் மழைநீர் தேக்கிய அமைப்புகளும் வெளிப்பட்டதனால் அக்கருத்தும் திருத்தம் பெற்றது. ஒருவரைத் திருத்தியவரும் பிறராலே திருத்தப்படுதல் இத்துறைக்கு இழுக்கன்று. அதுவே இதன் நேர்மை.

வெளிநாட்டுச் செய்தி நிற்க. நம்மை அடுத்த தென்னிந்தியாவுக்கு வருவாம். இந்தியத் தொல்பொருட்டுறையின் தலைவராய் 1944 முதல் 1948 வரை இருந்த மோட்டிமர் வீலர், 1945 ஆம் ஆண்டிலே புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டையும், 1947 ஆம் ஆண்டிலே மைசூர்ப் பகுதியிலுள்ள பிரமகிரி, சந்திரவல்லி என்னும் இடங்களையும் அகழ்ந்தார். அரிக்கமேட்டிலே இத்தாலி நாட்டு மட்பாண்டம் கிடைத்தது. அதன் காலம் தெரிந்ததே. அதனோடு உருளியால் வரிப்புள்ளியிட்ட ஒருவகைப் பாண்டமும் கிடைத்தது. அதே பாண்டம் சந்திரவல்லியில் உரோம நாணயத்தோடும் பிரமகிரியில் மேலடுக்கிலும் காணப்பட்டது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் சென்ற இம்முறை அழகியது. தென்னிந்திய வரலாற்றுக்கு முதன்முதல் உறுதியான கால அடித்தளத்தை இட்டது. பிரமகிரியிற் கீழே கற்கோடரிப் பண்பாடு, அதன்மேல் இரும்பு வழங்கிய பெருங்கற் பண்பாடு, அதற்குமேல் ஆந்திரர் காலப் பண்பாடு என்னும் வரிசையை வீலர் காட்டினார். அவ்வரிசை இன்றும் அழியாது நிற்கின்றது.

ஆனால் அவர் இட்ட ஆண்டுகள் நிற்கவில்லை. பெருங்கற் பண்பாடு கி. மு. 200 ஆம் ஆண்டளவிலேதான் அங்கே தொடங்கிற்று என்று அவர் கணித்தார். கற்கோடரி மக்கள் மந்தமாய்க் கிடந்தனர் என்றும், இரும்போடு வந்த வேற்றவர் அவரை மேற்கொண்டனர் என்றும் அதற்கு விளக்கங் கூறினார். பின்னர்க் காபன் முறையாற் பெற்ற ஆண்டுகள் கர்நாடகத்துக் கற்கோடரிப் பண்பாட்டைக் கி. மு. மூன்றாம் ஆயிரத்தாண்டுக்குக் கொண்டுசென்றன. ஹல்லூர் என்னுமிடத்தில் இரும்பின் வரவு கி. மு. 1000 ஆம் ஆண்டளவிற்குப் போயிற்று. வரிப்புள்ளிப் பாண்டமும் உரோம வணிகத்துக்கு முந்தியதே என்பதை விமலா பெக்லியின் ஆராய்ச்சி காட்டிற்று. இதனால் விளைந்த வேறுபாடு ஆண்டுக் கணக்கு மாத்திரமன்று. இருநூறு ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றமென்றால் படையெடுப்பை எண்ணத் தோன்றும்; எண்ணூறு ஆண்டுகளில் நிகழ்ந்ததென்றால் உள்ளூர் மக்களே மெல்ல மெல்லக் கற்றதும் அயலாரோடு கலந்ததும் எண்ணத் தோன்றும். காலக் கணக்கு மாறவே வரலாற்றின் கதையே மாறிவிடுகின்றது. தொல்பொருளியல் பண்பாட்டுக் கூர்ப்பு ஆராய்ச்சிக்குத் தரும் முதற்கொடை காலமே என்று யாம் கூறுவது இது பற்றியேயாம்.

இனி, நம் இலங்கையை நோக்குவாம். படிமுறைக் கொள்கையைச் சோதித்தற்கு இத்தீவினுஞ் சிறந்த களம் அரிது. ஐரோப்பாவிலே நுண்கற்கருவிகள் இடைக்கற்காலத்துக்குரியன. பனியூழி நீங்கிய பின்னர், கி. மு. 10,000 ஆம் ஆண்டை அடுத்து அவை பெருவழக்குற்றன. ஆகவே இலங்கையிற் கிடைத்த அத்தகைய கருவிகளும் அக்காலத்தினவே அல்லது அதற்குப் பிந்தியனவே என முன்னையோர் எண்ணினர். சிரான் தெரணியகல முதலியோர் பத்ததொம்பலென, பாகியன்கலை முதலிய குகைகளில் நிகழ்த்திய ஆய்வுகள் இவ்வெண்ணத்தை மாற்றின. பாகியன்கலைக் குகையின் நுண்கற்கருவிகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுக்குகளிலிருந்தே கிடைப்பதாக 2019 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. மழைக்காட்டிலே மரந்தாவும் குரங்கையும் அணிலையும் வேட்டையாடுதற்குச் சிறுகருவி வேண்டும். தேவை முந்தியது, ஆகவே கருவியும் முந்தியது. ஐரோப்பாவின் நாட்காட்டியை நோக்கி இலங்கையின் வேட்டுவன் காத்திருக்கவில்லை.

அடுத்த புதிரும் அத்தன்மையதே. கற்காலத்திற்குப் பின் புதிய கற்காலம், அதன்பின் செப்பு அல்லது வெண்கலக் காலம், அதன்பின் இரும்புக் காலம் என்பது தொம்சன் வழிவந்த ஒழுங்கு. இலங்கையிலோ நுண்கற்கருவி வழங்கிய காலத்துக்கும் இரும்பு வழங்கிய காலத்துக்கும் இடையே தெளிவான புதிய கற்காலமோ வெண்கலக் காலமோ இதுகாறும் வரையறுக்கப்படவில்லை. கி. மு. முதலாம் ஆயிரத்தாண்டின் தொடக்கத்திலே இரும்பும், கறுப்புச் சிவப்பு மட்பாண்டமும், நெல் வேளாண்மையும், ஆடுமாடு வளர்ப்பும் ஒருங்கே காட்சி தருகின்றன. அநுராதபுரத்தில் கி. மு. 900 ஆம் ஆண்டளவிலேயே பத்து ஹெக்டயருக்கு மேற்பட்ட குடியிருப்பு இருந்ததென்பது தெரணியகலவின் முடிபு. படிகளில் இரண்டைத் தாண்டி ஒரு நாடு ஏறுமாயின் அது படிக்கட்டே அன்று. அயலிலே கண்டுபிடித்ததைக் கற்றுக்கொள்ளும் மக்கள் அயலார் பட்ட பாட்டையெல்லாம் மறுபடியும் படவேண்டுவதில்லை. பண்பாட்டுக் கூர்ப்பு உயிரினக் கூர்ப்பினின்றும் வேறுபடும் இடம் இதுவே. ஒரு மரத்தின் கிளை மற்றொரு மரத்தின் கனியைத் தாராது. ஒரு மக்களின் அறிவோ மற்றொரு மக்களிடம் கடல் கடந்தும் செல்லும்.

அக்கடல் வழியை நமக்குக் காட்டுவன ஈமச் சின்னங்கள். வடமேற்குக் கரையோரத்துப் பொம்பரிப்பிலே தாழிகள் பல நிலத்துட் கிடக்கின்றன. 1970 ஆம் ஆண்டில் அவை முறைப்படி அகழ்ந்து ஆராயப்பட்டன. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டோடு அவற்றை ஒப்பிடுதல் ஆராய்ச்சியாளர் வழக்கம். தம்புள்ளைக்கு அணித்தாயுள்ள இபன்கட்டுவையிற் கற்பலகைகளால் அமைந்த ஈமப் பேழைகள் உள. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலே 1970 ஆம் ஆண்டில் நடந்த அகழ்வு, பௌத்த சின்னங்களுக்கு மிக முந்தியதொரு குடியிருப்பு அங்கே இருந்ததைக் காட்டிற்று. ஆனைக்கோட்டையில் 1980 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழ்வில் மனித எலும்புக்கூடுகளும், பிராமி எழுத்தும் குறியீடும் ஒருங்கே பொறித்த முத்திரை ஒன்றும் வெளிப்பட்டன. விசயன் வந்திறங்கிய நாளிலிருந்தே இந்நாட்டின் நாகரிகத்தைத் தொடங்கிய பழைய வரலாற்று நூன்மரபை இச்சான்றுகள் மறுபடி எண்ணிப் பார்க்கச் செய்தன. படகிலே வந்த ஓர் இளவரசன் ஒரே நாளில் நாகரிகத்தை இறக்கவில்லை. பாக்கு நீரிணையின் இருகரையிலும் வாழ்ந்த மக்கள் பல நூற்றாண்டுகளாய்ப் போக்குவரவு செய்து அதனை வளர்த்தனர்.

ஈண்டு இலக்கியத்துக்கும் தொல்பொருளுக்கும் உள்ள உறவும் விளங்கும். இறந்தாரைத் தாழியிற் கவித்தல் பற்றிப் புறநானூறு பேசும். சுடுதல், இடுதல், தாழியிற் கவித்தல் முதலிய பல ஈமமுறைகளை மணிமேகலை ஓரிடத்து எண்ணிக் கூறும். பல முறைகள் ஒரே காலத்து ஒரே சுடுகாட்டில் வழங்கின என்று அந்நூல் காட்டுதலின், தாழி புதைத்தோர் ஓரினம், கற்பேழை அமைத்தோர் வேறோரினம் என்று விரைந்து பிரிப்பார்க்கு அஃது ஓர் எச்சரிக்கையாகும். நூல் கூறுவதை மண் சோதிக்கின்றது. மண் கூறுவதை நூல் தெளிவிக்கின்றது.

இத்துணையும் தொண்டு கூறினோம்; இனி எல்லையைக் கூறுவாம். கிறித்தோபர் ஹோக்சு என்னும் ஆங்கில அறிஞர் 1954 ஆம் ஆண்டிலே ஓர் அரிய கருத்தை வெளியிட்டார். பொருளை நோக்கி அதைச் செய்த தொழிலை அறிதல் எளிது. உணவும் வாணிகமும் எவ்வாறு நடந்தன என்று அறிதல் அதனினும் சிறிது அரிது. சமூக அமைப்பை அறிதல் மேலும் அரிது. சமயத்தையும் உள்ளத்தையும் அறிதல் யாவற்றினும் அரிது என்றார் அவர். மோர்கனின் ஏணியை முறித்த தொல்பொருளியலுக்கும் இவ்வாறு ஓர் ஏணி உண்டு. அதன் மேற்படிகளில் ஏறுவோர் கவனமாய்க் கால் வைத்தல் வேண்டும்.

இதனை நம்மூர் வீடு ஒன்றை வைத்தே தெளியலாம். நம் பாட்டன்மார் காலத்து யாழ்ப்பாண வீடொன்று ஆயிரமாண்டு மண்ணுக்குள் மறைந்து கிடப்பதாக வைத்துக்கொள்வோம். பனையோலைக் கூரை மக்கிவிடும். கடகம், பெட்டி, நீத்துப்பெட்டி, பாய், சுளகு எல்லாம் மக்கிவிடும். உரலும் உலக்கையும் கறையானுக்கு இரையாகும். ஏட்டுச் சுவடிகள் ஒன்றும் எஞ்சா. அம்மியும் குழவியும், கிணற்றின் கட்டும், சட்டி பானை ஓடுகளும், துருவேறிய கத்தியும், இரண்டொரு செப்புக் காசுமே அகழ்வோன் கைக்கு வரும். அவற்றைக் கொண்டு அவன் இவ்வீட்டார் வறியர், எழுத்தறியார், கலையறியார் என்று எழுதுவானாயின் அஃது எத்துணைப் பிழையாகும்! அவ்வீட்டில் ஒருகால் கந்தபுராணப் படிப்பு நடந்திருக்கும். வைத்திய வாகடம் இருந்திருக்கும். கொண்டான் கொடுத்தான் முறையும் ஊர்ப் பங்கீடும் நுட்பமாய் வழங்கியிருக்கும். வெப்பமும் ஈரமும் மிக்க நாட்டிலே பண்பாட்டின் பெரும்பங்கு மண்ணில் நிலையாது. எனவே, கிடைத்ததைக் கொண்டு இருந்தது இது எனலாம். கிடையாததைக் கொண்டு இல்லாதது இது எனல் ஆகாது.

இலங்கையிற் புதிய கற்காலம் இல்லை என்னும் மேற்காட்டிய கூற்றுக்கும் இவ்விதி பொருந்தும். நாளை ஓரிடத்தில் அத்தகைய குடியிருப்பு அகழ்ந்தெடுக்கப்படலாம். அங்ஙனமாயின் படிகளைத் தாண்டியது பற்றிய எமது வாதமும் அந்த அளவிற்குக் குறையும். பிறர்க்கு விதிக்கும் விதியைத் தமக்கும் விதித்தலே முறை.

இவ்வெச்சரிக்கை வெறும் பள்ளிப் பாடமன்று. இன்று நம்மைச் சூழ நிகழ்வனவற்றால் மிக வேண்டப்படுவது. தொல்பொருள் எதுவும் வெளிப்பட்ட மறுநாளே, இது எம்மவர்க்கா உம்மவர்க்கா என்னும் வழக்குத் தொடங்கிவிடுகின்றது. ஆனைக்கோட்டை முத்திரையின் எழுத்தை அறிஞர் பலவாறு வாசித்தனர். எனினும் பொதுமேடையிலே ஒரு வாசிப்பே உண்மை எனப்பட்டது. பௌத்த சின்னம் கிடைத்த இடமெல்லாம் சிங்களவர் நிலம் என்பாரும், தாழி கிடைத்த இடமெல்லாம் தமிழர் நிலம் என்பாரும் கொசினாவின் மாணாக்கரே; தாம் யாரிடம் பாடங் கேட்டோம் என்பதை மட்டும் அறியார். பண்டைத் தமிழருள்ளும் பௌத்தர் இருந்தனர். தாழியும் கறுப்புச் சிவப்புப் பாண்டமும் வழங்கிய மக்களின் வழித்தோன்றல்கள் இத்தீவில் இன்று ஒரு மொழியே பேசுவர் என்பதற்குப் பானை சாட்சி சொல்லாது. பானைக்கு மொழி இல்லை.

தமிழ்நாட்டுச் செய்தியிலும் இவ்வாறே நிதானம் வேண்டும். கீழடியில் 2015 ஆம் ஆண்டு தொடங்கிய அகழ்வுகள் வைகைக் கரையில் வளமான பழங்குடியிருப்பு இருந்ததைக் காட்டின. அங்குக் கிடைத்த கரி மாதிரி ஒன்றின் காலம் கி. மு. ஆறாம் நூற்றாண்டெனக் கணிக்கப்பட்டது. சிவகளையிற் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு இரும்பின் காலத்தைக் கி. மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டுசெல்லும் அறிக்கையைத் தமிழ்நாட்டரசின் தொல்லியற்றுறை 2025 ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்டது. இது பிற இடங்களிலும் உறுதிப்படுமாயின் உலக உலோக வரலாற்றையே மாற்றும். அதனாலேயே அதனை மிகுந்த கண்டிப்போடு சோதித்தல் வேண்டும். கரித்துண்டின் காலம் அம்மரத்தின் காலமே. அம்மரமும் அருகே கிடந்த இரும்பும் ஒரே காலத்து மண்ணுட் சென்றன என்பது தனியே நிறுவப்படவேண்டியது. வீலரின் கணக்குப் பிழைத்தபோது நாம் மகிழ்ந்தோம். நமக்கு உவப்பான கணக்கையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்த்தலே நடுவுநிலைமை. தொன்மை ஒன்றே பெருமை என்பதும் ஏணிக் கொள்கையின் எச்சமே. முதலில் ஏறினவன் உயர்ந்தவன் என்னும் எண்ணத்தை விட்டாலன்றிப் பிந்தி வந்தவன் தாழ்ந்தவன் என்னும் எண்ணமும் நம்மை விட்டு நீங்காது.

இவற்றால் யாம் பெறும் முடிபுகளைத் தொகுத்துக் கூறுவாம். பண்பாட்டுக் கூர்ப்பு ஆராய்ச்சிக்குத் தொல்பொருளியல் காலத்தைத் தந்தது. முன்பின் வரிசையைத் தந்தது. எழுத்தில்லா மக்களின் உணவையும் தொழிலையும் வாணிகத்தையும் அறியும் வழியைத் தந்தது. இவற்றினும் மேலாக, அழகிய கொள்கைகளை முரட்டுச் சான்றுகளால் மறுக்கும் துணிவைத் தந்தது. மனித இனம் முழுவதும் ஒரே ஏணியில் ஏறிற்று என்னுங் கொள்கை அதனால் வீழ்ந்தது. ஆனால் பண்பாடு வளர்ந்தது என்னும் உண்மை வீழவில்லை. அது பலவழியாய் வளர்ந்தது, தேங்கியது, தாண்டியது, அயலிற் கடன்பெற்றது, சிலவிடத்து அழிந்தும்போனது என்பதே இப்போது தெளிவு. ஒற்றையடி நட்ட பனைபோலன்றிப் பலவிடத்து விழுதூன்றிய ஆல்போல அது நிற்கின்றது.

இறுதியாக ஒன்று. நூலைத் தவறாகப் படித்தவன் மறுபடியும் படிக்கலாம். மண்ணைத் தவறாகத் தோண்டியவன் மறுபடியும் தோண்ட முடியாது. அகழ்தல் என்பது ஏடு ஒவ்வொன்றையும் படித்தவுடன் கிழித்தெறிவது போன்றதொரு வாசிப்பு. குறிப்பெடாது தோண்டிய குழியும், புதையல் நாடித் தோண்டிய குழியும், பிடித்தமானதை மாத்திரம் வைத்துக்கொண்டு பிடியாததை வீசிய குழியும் ஒரே வகை நட்டமே விளைக்கும். வடபுலத்தில் கிணறு வெட்டும்போதும், அத்திவாரம் தோண்டும்போதும், தோட்டங் கொத்தும்போதும் பழைய ஓடுகளும் மணிகளும் வெளிப்படுதல் உண்டு. அவற்றைக் காணும் மாணவர் அவற்றைப் பெருமைக்காக எடுத்துச் செல்லாது, கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து அறிந்தோர்க்கு அறிவிப்பாராயின் அஃதே பெருந்தொண்டாகும். இடம் அறியாத ஓடு வெறும் ஓடு. இடம் அறிந்த ஓடு வரலாற்றின் ஓர் எழுத்து. அவ்வெழுத்துகளை நமக்கு வேண்டிய சொல்லாகக் கூட்டாது, அவை தாமே கூறுஞ் சொல்லைக் கேட்கப் பழகுதலே தொல்பொருளியல் நமக்குப் புகட்டும் தலையாய பாடம்.